அப்பாவுக்கு வயிற்றிலும் கட்டி, சிறுநீரகத்திலும் கட்டி: பரவியதா, தனித்தனியா?

தோபாயோ மகள் | திங்கள், இரவு 11.52

பல வருடமாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். எழுதுவது இதுவே முதல் தடவை. தூக்கம் வரவில்லை.

அப்பாவுக்கு 68 வயது. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் பலதுறை மருந்தகத்தில் மாத்திரை வாங்குகிறார். மூன்று மாதமாகவே, மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயசு என்று விட்டுவிட்டோம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8 என்று மிகக் குறைவாக வந்ததும் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண் மாதிரி ஒரு கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க சிடி ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் 3.1 சென்டிமீட்டரில் இன்னொரு கட்டி.

இன்று மதியம் போனில் பேசிய இளம் மருத்துவர் ஒருவர், "பரவியிருக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல் வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டது. அம்மா சாமி அறையை விட்டு வெளியே வரவில்லை. திருச்சியில் இருக்கும் சித்தப்பா விமான டிக்கெட் பார்க்கிறார். அப்பாவிடம் "வயிற்றில் புண்" என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறோம்.

வயிற்றிலிருந்து சிறுநீரகத்துக்குப் பரவுமா? அப்படியென்றால் நான்காம் கட்டம், கடைசிக் கட்டம்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒற்றைச்சிறுநீரகன் | செவ்வாய், அதிகாலை 12.20

தங்கச்சி, முதலில் மூச்சை விடுங்க. "பரவியிருக்கலாம்" என்பது வேறு, "பரவிவிட்டது" என்பது வேறு. எனக்கு 2014ல் 8 சென்டிமீட்டர் கட்டியோடு ஒரு சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். அதுவும் பித்தப்பைக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் தற்செயலாகக் கண்டதுதான். இந்தக் காலத்தில் சிறுநீரகக் கட்டிகளில் பாதிக்கு மேல் இப்படி வேறு எதையோ தேடும்போது சிக்குபவைதான் என்று என் மருத்துவர் சொன்னார். வலி கிடையாது, ரத்தம் கிடையாது, சும்மா உட்கார்ந்திருக்கும்.

உட்லண்ட்ஸ் ராசா | செவ்வாய், காலை 6.45

நம்ம ஆட்களுக்கு வயிற்றுப் புற்று அவ்வளவாக வராதே? அது சீனர்களுக்கு வருவது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். ரிப்போர்ட் மாறிப்போயிருக்குமோ?

மல்லிப்பந்தல் | செவ்வாய், காலை 8.10

ராசா தம்பி, குறைவு என்பதற்கு வராது என்று அர்த்தமில்லை. முப்பது வருடம் வார்டில் நின்றவள் சொல்கிறேன், எல்லா இனத்தாரையும் பார்த்திருக்கிறேன். ஒரு வேடிக்கை என்னவென்றால், வயிற்றுப் புற்றுக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இங்கே சிங்கப்பூர் இந்தியர்களிடமும் நிறையவே உண்டு. ஆனாலும் புற்றாக மாறுவது சீனர்களைவிடக் குறைவு. மருத்துவர்கள் இதற்கு 'இந்தியப் புதிர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கிருமியைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005ல் நோபல் பரிசு கொடுத்தார்கள், இந்தப் புதிரைத்தான் இன்னும் முழுசாக அவிழ்க்க முடியவில்லை.

தோபாயோ மகளுக்கு: வயிற்றுப் புற்று போகும் வழிகள் உண்டு. பக்கத்து நிணநீர் முடிச்சுகள், கல்லீரல், வயிற்றறையின் உள்சவ்வு, நுரையீரல். சிறுநீரகம் அந்தப் பட்டியலில் மிகவும் பின்னால். போனாலும் பெரும்பாலும் சின்னச் சின்னதாக, இரண்டு பக்கமும் பல இடங்களில் தெரியும். ஒரே பக்கம், ஒரே கட்டி, வேறெங்கும் எதுவும் இல்லை என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இது தானாக முளைத்த இன்னொரு கட்டி என்பதுதான். கல்லீரல் சுத்தமா? ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது?

தோபாயோ மகள் | செவ்வாய், காலை 9.30

அக்கா, கல்லீரல், நுரையீரல் இரண்டிலும் ஒன்றுமில்லை என்று இருக்கிறது. சிறுநீரகக் கட்டி "சாயம் ஏற்றியதும் பளிச்சென்று ஒளிர்கிறது" என்கிற மாதிரி ஒரு வரி. ஆனால் தானாக முளைத்தது என்றால் அதுவும் புற்றுநோய்தானே? ஒரே ஆளுக்கு இரண்டு புற்றுநோயா? கேட்கவே பயமாக இருக்கிறது.

கண்ணாடிச்சில்லு | செவ்வாய், மதியம் 1.05

மதிய இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் மருத்துவர் அல்ல. நோய்க்குறியியல் லேப்பில் திசுக்களைச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போடுகிற வேலை.

இரண்டு என்றதும் எல்லோரும் ஒன்றைவிட மோசம் என்று நினைக்கிறார்கள். உங்கள் அப்பா விஷயத்தில் கணக்கு நேர்மாறு. சிறுநீரகத்தில் இருப்பது வயிற்றிலிருந்து போனது என்றால் அது நான்காம் கட்டம். பெரும்பாலும் அறுவை சிகிச்சை பேச்சு நின்றுபோகும், நோயைக் கட்டுக்குள் வைக்கும் மருந்து மட்டும்தான். அது தனிக் கட்டி என்றால், வயிற்றுக்கு அதன் கட்டம் தனி, சிறுநீரகத்துக்கு அதன் கட்டம் தனி. 4 சென்டிமீட்டருக்கு உட்பட்டது முதல் கட்டத்திலேயே முதல் படி. இரண்டையும் குணப்படுத்தும் நோக்கத்தோடு வெட்டி எடுக்க வாய்ப்பு இருக்கிறது. அதனால் இந்த இடத்தில் நீங்கள் வேண்டிக்கொள்ள வேண்டியது "இரண்டாக இருக்கட்டும்" என்றுதான். விசித்திரமான வேண்டுதல், ஆனால் உண்மை.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பது எங்கள் வேலை. இதற்கான விதியை 1932லேயே வாரன், கேட்ஸ் என்ற இருவர் எழுதிவிட்டார்கள் (நோபல் வாரன் வேறு, இவர் வேறு). ஒவ்வொரு கட்டியும் சந்தேகமின்றிப் புற்றாக இருக்க வேண்டும், தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றின் பரவல் அல்ல என்று உறுதியாக வேண்டும். வயிற்றுப் புற்று பெரும்பாலும் சுரப்பி வடிவத்தில் குழி குழியாகத் தெரியும். சிறுநீரகத்தில் அதிகம் வருவது தெளிசெல் வகை. அந்தச் செல்களுக்குள் கொழுப்பும் சர்க்கரைச் சத்தும் நிறைந்திருக்கும். நாங்கள் திசுவைப் பதப்படுத்தும்போது அது கரைந்து ஓடிவிடுவதால், மைக்ரோஸ்கோப்பில் உள்ளே காலியாக, சோப்பு நுரை மாதிரி தெரியும். அதிலும் சந்தேகம் என்றால் பாக்ஸ்-8 என்று ஒரு சாயம். சிறுநீரகத்தில் பிறந்த செல் என்றால் அதன் கரு பழுப்பாகும். வயிற்றுச் செல் ஆகாது. செல் எங்கே போய் உட்கார்ந்தாலும் பிறந்த ஊர் முத்திரை போகாது.

ஆக, சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் துளி திசு எடுப்பார்களா என்று கேளுங்கள். சின்னச் சிறுநீரகக் கட்டி எல்லாவற்றுக்கும் பயாப்ஸி செய்வதில்லை. ஆனால் வேறொரு புற்று இருக்கும்போது அதற்கு மதிப்பு அதிகம்.

தோபாயோ மகள் | செவ்வாய், மதியம் 1.40

நன்றி. இதை மூன்று தடவை வாசித்தேன். அலுவலகக் கழிவறையில் நின்று அழுதுவிட்டு வந்தேன், ஆனால் நேற்று அழுத அழுகை இல்லை.

ஜோகூர்க்காரன் | செவ்வாய், இரவு 9.15

ஊசி மட்டும் போட விடாதீங்க! கத்தி பட்டாலே பரவும் என்று எங்கள் பாட்டி சொல்வார். முள்சீத்தா இலைக் கசாயம் 40 நாள் குடித்த ஒருவருக்குக் கட்டியே கரைந்துவிட்டது. பக்கத்திலேயே பொடியும் விற்கிறார்கள், வேண்டுமானால் தனிமடலில் வாருங்கள்.

மல்லிப்பந்தல் | செவ்வாய், இரவு 9.50

தம்பி, பாட்டி காலத்தில் கட்டி முற்றிய பிறகுதான் மருத்துவரிடமே போனார்கள். அதனால் கத்தி பட்டதும் போய்விட்டதாகத் தெரிந்தது. இப்போது உறை ஊசிக்குள் ஊசி விட்டுத்தான் எடுக்கிறார்கள். ஊசிப் பாதையில் பரவுவது மிக மிக அரிது.

கசாயம் விஷயத்தில் நான் கொஞ்சம் கோபக்காரி. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி என்று நம் நாட்டு வைத்தியத்தில் உள்ள மூலிகைகளிலேயே அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைச் சுருக்கி, சிறுநீர்ப் பாதையில் புற்றையும் கொண்டுவரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட எத்தனையோ பெண்களின் சிறுநீரகம் இப்படித்தான் போனது. பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே ஒரு சிறுநீரகத்தில் கட்டி, சர்க்கரை வேறு. எதையும் கொடுக்காதேம்மா.

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 10.05

தனிமடலில் மருந்து விற்க இங்கே அனுமதி இல்லை. ஜோகூர்க்காரன், இது முதல் எச்சரிக்கை. இழையைத் தொடரலாம்.

உட்லண்ட்ஸ் ராசா | புதன், காலை 7.00

இது பரம்பரையா? பிள்ளைகளுக்கும் வருமா? கேட்டு வையுங்கள்.

கண்ணாடிச்சில்லு | புதன், மதியம் 12.50

68 வயதில் இப்படி வருவது பெரும்பாலும் பரம்பரை இல்லை. வயது, புகை, அதிர்ஷ்டக் குறைவு. புகை இரண்டு உறுப்புக்குமே பகை. சிறுநீரகத்துக்கு உடல் பருமனும் ரத்த அழுத்தமும் சேரும். லிஞ்ச் என்ற மரபுக் கோளாறில் வயிறும் சிறுநீர்ப் பாதையும் சேர்ந்து பாதிக்கப்படுவதுண்டு. ஆனால் அது சிறுநீரகத்தின் உள் குழாய்ச் சுவரில் வருவது, சதைப் பகுதியில் வருவதல்ல. இளவயதில் வந்தாலோ குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ மரபணு ஆலோசனைக்கு அனுப்புவார்கள். பிள்ளைகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பைலோரி கிருமிப் பரிசோதனை. மூச்சை ஊதினால் போதும், இருந்தால் இரண்டு வாரம் மாத்திரை.

பழைய பேருந்து ஓட்டுநர் என்றீர்களே, புகை உண்டா?

தோபாயோ மகள் | புதன், மதியம் 1.15

இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். நான் பிறந்ததும் விட்டதாகச் சொல்வார், அம்மா அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

தோபாயோ மகள் | அடுத்த வாரம் வெள்ளி, மாலை 6.30

இரண்டு செய்தி.

ஒன்று, நேற்று சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

இரண்டு, அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போட்ட நாடகம் ஒரு குறுஞ்செய்தியில் முடிந்தது. அடுத்த சந்திப்பு புற்றுநோய்ப் பிரிவில் என்று அவருடைய கைப்பேசிக்கே தகவல் போயிருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். அப்புறம் டிவியை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு கட்டி பற்றியும். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு பஸ்ஸா? சரி, எது முதல்ல வருதுன்னு கேட்டு வை" என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

ஒற்றைச்சிறுநீரகன் | வெள்ளி, இரவு 8.00

உங்கள் அப்பாவோடு தேக்கா சந்தையில் ஒரு தே குடிக்க வேண்டும் போலிருக்கிறது.

சொல்லாமல் வைப்பது பற்றி நானும் யோசித்ததுண்டு. எனக்கும் என் அண்ணன்மார் சொல்லவில்லை. நான்கு நாள் எல்லோரும் என்னிடம் அதிகப் பிரியமாக இருந்தார்கள், அதிலேயே புரிந்துவிட்டது. அந்த நான்கு நாள்தான் என் நோயிலேயே மோசமான நாட்கள்.

மல்லிப்பந்தல் | வெள்ளி, இரவு 8.25

எல்லோருக்கும் ஒரே அளவு சட்டை பொருந்தாது. சிலர் உண்மையிலேயே "எனக்குச் சொல்லாதே, மகனிடம் சொல்" என்பார்கள். அதையும் நோயாளியின் வாயால் கேட்க வேண்டும், நாமே முடிவு செய்யக்கூடாது. கீமோ வார்டில் உட்காரப் போகிறவரிடம் எத்தனை நாள் புண் என்று சொல்வது?

தோபாயோ மகள் | 17 நாள் கழித்து, இரவு 10.10

முடிவு வந்தது. தெளிசெல் வகை, சிறுநீரகத்திலேயே பிறந்தது. வயிறு வேறு, இது வேறு. மருத்துவர் ஒரே வரியில் சொன்னார்: "உங்கள் தந்தைக்கு இரண்டு நோய், ஆனால் இரண்டுமே பரவியதாகத் தெரியவில்லை." வயிற்றறைக்குள் கேமரா விட்டு அதன் உள்சவ்வையும் பார்த்துவிட்டார்கள், சுத்தம்.

வயிறு, சிறுநீரகம், கீமோ, ஸ்கேன், லேப் என எல்லாத் துறை மருத்துவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்களாம். முதலில் நான்கு தவணை கீமோ, இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு ஒரே அறுவை சிகிச்சையில் இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுநீரகத்தின் கட்டிப் பகுதியையும் எடுப்பது. பிறகு மறுபடியும் நான்கு தவணை. வயிறுதான் முதல் பஸ்.

என் கவலை: கீமோ நடக்கும் இரண்டு மூன்று மாதமும் சிறுநீரகக் கட்டியை அப்படியே விட்டு வைக்கிறார்களே? அந்தக் கீமோ அதற்கு வேலை செய்யாது என்று அவர்களே சொல்கிறார்கள்.

கண்ணாடிச்சில்லு | மறுநாள், மதியம் 1.00

அப்பாடா.

வேலை செய்யாது, சரிதான். சிறுநீரகப் புற்று பழைய வகைக் கீமோவுக்கு மசியாது. ஆனால் இந்த அளவுக் கட்டிகள் சராசரியாக வருடத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். வயதானவர்களுக்கு வெட்டாமலே ஸ்கேனில் கவனித்துக்கொண்டிருப்பதும் உண்டு. அவசரமானது வயிறுதான்.

இன்னொன்று. கீமோ முடிந்து ஸ்கேன் எடுக்கும்போது பாருங்கள், வயிற்றுக் கட்டி சுருங்கியிருக்கும், சிறுநீரகக் கட்டி அப்படியே இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

கணக்குப்பிள்ளை | மறுநாள், மாலை 7.20

பணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நான் எடுக்கிறேன். மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பில் அப்பா கணக்கு போதாவிட்டால் பிள்ளைகள் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். புற்றுநோய் மருந்துக்கு அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, பட்டியலில் உள்ள மருந்துக்கு மாத உச்சவரம்பு. ஒரே ஆளுக்குத் தனித்தனியாக முளைத்த ஒன்றுக்கு மேற்பட்ட மூலப் புற்று இருந்து, இரண்டுக்கும் மருந்து நடந்தால், உச்சவரம்பைக் கூட்டிக் கணக்கிட வழி இருக்கிறது. அதற்கு மருத்துவர் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் வெட்டு மட்டும்தான், அதனால் இப்போதைக்குத் தேவைப்படாது. நாளைக்கு ஏதாவது மருந்து என்றால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தனியார் ஷீல்டு காப்பீட்டுத் திட்டம் இருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே தகவல் கொடுத்துவிடுங்கள். முடியவே இல்லை என்றால் மருத்துவ சமூக ஊழியரைப் பாருங்கள், கூச்சம் வேண்டாம்.

மல்லிப்பந்தல் | மறுநாள், இரவு 9.00

கீமோவுக்கு முன் நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. வெப்பமானி வாங்கி வை. 38 டிகிரி காட்டினால், இரவு இரண்டு மணியானாலும் பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போ. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த மருந்துகளில் ஒன்று குளிரைத் தாங்க விடாது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாலே விரல் சுருக்கென்று இழுக்கும். ஐஸ் மைலோவை மறந்துவிடச் சொல்.

தோபாயோ மகள் | ஐந்து வாரம் கழித்து, இரவு 9.40

அக்கா சொன்னது அப்படியே நடந்தது. இரண்டாம் தவணைக்குப் பிறகு எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்தவர் ஷாக் அடித்த மாதிரி கையை எடுத்தார். இப்போது கையுறை போட்டுக்கொண்டு போகிறார், முடியும் கொட்டிவிட்டது. "சிங்கப்பூர்ல கையுறை போட்டுட்டுப் போற முத ஆளு நான்தான்" என்று பெருமை. மூன்றாம் தவணைக்குப் பிறகு ஒருநாள் காய்ச்சல் 38.3. அம்மா பனடோலை எடுத்துவிட்டார். நான் இந்த இழையைக் காட்டினேன். அரை மணியில் அவசரப் பிரிவில் இருந்தோம். வெள்ளை அணுக்கள் தரையைத் தொட்டிருந்தன, ஐந்து நாள் ஊசி மருந்து. அக்கா, எப்படி நன்றி சொல்வது?

தோபாயோ மகள் | ஐந்து மாதம் கழித்து, காலை 11.00

இடையில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். கீமோவுக்குப் பிறகான ஸ்கேனில் கண்ணாடிச்சில்லு சொன்னதேதான். வயிறு நன்றாகச் சுருங்கியிருந்தது, சிறுநீரகம் 3.1ல் அப்படியே. முன்பே தெரிந்திருந்ததால் பதறவில்லை. அறுவை சிகிச்சை ஆறரை மணி நேரம். இடது சிறுநீரகத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிட்டார்கள். இரண்டாவது சுற்றுக் கீமோவில் இரண்டு தவணைதான் தாங்கினார், மருத்துவரே நிறுத்திவிட்டார். எட்டையும் முடிப்பவர்கள் பாதிக்கும் குறைவுதான் என்றார்.

இப்போது பிரச்சினை சாப்பாடு. சாப்பிட்ட பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, படுத்துவிடுகிறார்.

மல்லிப்பந்தல் | காலை 11.35

சாப்பாட்டோடு என்ன குடிக்கிறார்?

தோபாயோ மகள் | காலை 11.38

தே தாரிக். சர்க்கரை போட்ட பால் தேநீர்தான்.

மல்லிப்பந்தல் | காலை 11.50

சரி, அதுதான். சின்ன வயிறு சர்க்கரையையும் தண்ணீரையும் அப்படியே குடலுக்குள் கொட்டிவிடுகிறது. சாப்பாட்டோடு எதையும் குடிக்கக் கூடாது, அரை மணி தள்ளிக் குடிக்கட்டும், அதுவும் சர்க்கரை இல்லாமல். ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. மீன், முட்டை, பருப்பு முதலில், சோறு கடைசியில். இரும்புச் சத்து, பி12 இரண்டையும் ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒற்றைச்சிறுநீரகன் | மதியம் 12.15

சிறுநீரகக் கட்சி சார்பில் நானும் ஒன்று. மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளைக் கேட்காமல் போடக் கூடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் கூடினால் நட்சத்திரப் பழமும் மருத்துவரைக் கேட்டுத்தான். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது மூளையையே தாக்கும், பலருக்குத் தெரியாது.

அப்பா எப்போது தேக்கா வருகிறார்?

தோபாயோ மகள் | மதியம் 12.40

அடுத்த ஞாயிறு. அரைத் தோசைதான் சாப்பிடுவார், மீதி அரை உங்களுக்கு என்கிறார், அண்ணா. தே பற்றி அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

புதியவன் 27 | அன்று இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். தேடிப் பார்த்து இந்த இழைக்கு வந்தேன். அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி, இப்போது நுரையீரலில் ஒரு புள்ளி என்கிறார்கள். பரவிவிட்டது என்று மாமா சொல்கிறார்.

தோபாயோ மகள் | இரவு 11.26

மாமா இருக்கட்டும். அந்தப் புள்ளியிலிருந்து திசு எடுத்தார்களா?